மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் வந்தவர்

தொண்ணூறாம் ஆண்டளவில் நான் லண்டன் நோர்பரியில் ஒரு பெல்ஜியக்காரரின் வீட்டில் மேல்மாடி அறையொன்றை வாடகைக்கு எடுத்து இருந்தேன். வீடு உண்மையில் அவருடைய மனைவியினது. அவ இங்கிலாந்துப் பெண், பக்கத்து ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அவரோ சைக்கிள் பந்தய ஓட்டக்காரர். சைக்கிள் ஓடுவதையே தொழிலாகக் கொண்ட மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அந்த வீட்டுக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் எல்லாரும்தான் சைக்கிள் ஓடினோம். அதற்கு யாராவது சம்பளம் தருவார்கள் என்று ஒருவரும் நினைத்ததில்லை.

நான் தோர்ன்டன் ஹீத்தில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்தேன். காலை ஷிப்டுக்குப் போக வசதியாக ஒரு பழைய சின்ன மோட்டார் சைக்கிள் வைத்திருந்தேன். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். என் அகதி வழக்கு முடியாமல் அவர்களைக் கூப்பிட வழியில்லை. வழக்கு எப்போது முடியும் என்று கேட்டால் லோயர் கையை விரித்தார். வேலை நேரம் எப்படியோ ஓடிவிடும். வேலையில்லாத நாள்தான் ஆளைத் தின்னும். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலில் படுத்திருந்து சுவர்த்தாளிலுள்ள பூக்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொழும்பில் பொலிஸ் லொட்ஜுகளைச் சோதிக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என் கதவைத் தட்டினார்.

“உம்மடை மோட்டார் சைக்கிள் மலை ஏறுமோ?”

“ஏறும். ஆனால் சத்தம் போடும்.”

“சத்தம் பரவாயில்லை. எனக்கு முன்னாலை போவீரோ?”

பிறகு விளங்கப்படுத்தினார். அவருடைய நாட்டில் ஓட்டக்காரர்கள் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு பழகுவார்களாம். முன்னால் போகிற வண்டி காற்றை வெட்டிக் கொடுக்கும். பின்னால் வருகிறவரின் கால்கள், தனியே ஓடினால் ஒருநாளும் எட்டாத வேகத்தைப் பழகிக்கொள்ளும். “நீர் செய்யவேண்டியது ஒண்டுதான். வேகத்தை மாத்தாதையும். திடீரெண்டு பிறேக் பிடிச்சால் நான் செத்தன்.”

எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. போனேன். அதற்குப் பிறகு லீவு நாட்களெல்லாம் போனேன். சட்டனைத் தாண்டி, வீடுகள் குறைந்து மலைகள் தொடங்கும் இடம்வரை முன்னால் நான், பின்னால் அவர். என் பக்கக் கண்ணாடியில் அவருடைய தொப்பியும் திறந்த வாயும் மட்டும் தெரியும். களைத்தால் “ஓய்” என்று கத்துவார், நான் மெல்ல வேகத்தைக் குறைப்பேன். ஒரு மனிதனுடைய உயிர் என் வலது கை முறுக்குகிற அளவில் இருக்கிறது என்ற நினைப்பில் வேறொன்றும் மனதுக்கு வராது. அந்த நேரத்துக்கு கொழும்பு இல்லை, வழக்கு இல்லை.

மலை உச்சியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. அங்கே இருந்துதான் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார்.

அவருடைய தகப்பன் வயல்களில் பீற்றூட் ஏற்றுகிற லொறி ஓடியவர். அந்த ஊர்ப் பக்கத்தில் பொடியன்கள் பள்ளிக்கூடம் முடிய ஒன்றில் தொழிற்சாலைக்குப் போவார்கள் அல்லது சைக்கிளில் ஏறுவார்கள். இவர் பதின்ம வயதில் பக்கத்து ஊர்ப் போட்டிகளையெல்லாம் வென்றார். ஊர்ச் சனம் தோளில் தூக்கியது. இருபத்தொரு வயதில் ஒரு பெரிய குழு கூப்பிட்டு எடுத்தது. அங்கே போன பிறகுதான் தெரிந்தது, ஊருக்கு ஊர் இவரைப்போல வென்றவர்கள்தான் அந்தக் குழு முழுக்க என்று.

“எனக்குத் தந்த வேலை தலைவனுக்குத் தண்ணி கொண்டு போறது,” என்றார். “பின்னாலை வாற குழுக் காரிட்டைப் போய் போத்தல்களை வாங்கி முதுகுச் சட்டைக்குள்ளை அடைஞ்சுகொண்டு, திரும்பக் கூட்டத்தைப் பிடிச்சு, முன்னுக்குப் போய் அவனுக்குக் குடுக்கவேணும். எதிர்க்காத்து அடிச்சால் அவனுக்கு முன்னாலை நான் போகவேணும். அவன்ரை சில்லு காத்துப் போனால் என்ரை சில்லைக் கழட்டிக் குடுத்துப்போட்டு ரோட்டுக் கரையிலை நிக்கவேணும்.”

“நீர் ஒருநாளும் வெல்லேல்லையோ?”

“வெல்லுறது என்ரை வேலையில்லை.”

அதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அந்த வேலையில் அவருக்குப் பெருமை இருந்தது. வருடத்துக்கு வருடம் அவரை வேண்டும் என்று கேட்டு வைத்திருந்தார்கள். பிறகு ஒரு மழைநாளில், கருங்கல் பதித்த ஒரு வயல் ரோட்டில், முன்னால் போனவன் சறுக்கி விழ இவரும் விழுந்தார். இவருக்கு மேல் இன்னும் பலர் விழுந்தார்கள். இடுப்பெலும்பு உடைந்தது. எலும்பு பொருந்துவதற்கு முதலே, குழு வேறு ஆளைப் பிடித்துவிட்டது. லண்டனில் சினேகிதியாக இருந்த நேர்ஸைக் கலியாணம் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். வந்த நாளிலிருந்து திரும்பவும் ஒரு குழுவுக்குப் போவதற்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தார். முப்பத்துமூன்று வயது. அந்தத் தொழிலில் அது கிழவன் வயது.

“புதுசா ஒரு குழு தொடங்குது,” என்று ஒருநாள் சொன்னார். “மனேஜர் எனக்குத் தெரிஞ்ச ஆள். கோடையிலை லண்டன் நடுவிலை ரோட்டுகளை மூடி ஒரு போட்டி வைக்கினம். அதிலை ஓடிக் காட்டு, பாப்பம் எண்டிருக்கிறான்.”

அந்தப் ‘பாப்பம்’ என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தை என்னால் மறக்கமுடியவில்லை. லோயர் என்னிடம் சொல்லுகிற சொல்லும் அதுதான்.

பனி குறைந்து மரங்கள் துளிர்க்கத் தொடங்கியபோது அவரில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். முந்தி ஏற்றங்களில் கத்துகிறவர் இப்போது கத்துவதில்லை. நான் முறுக்க முறுக்கக் கண்ணாடியில் அந்தத் தொப்பி அங்கேயே நின்றது. வாய் மூடியிருந்தது. உச்சியில் இறங்கியபோது மூச்சு வாங்கியது என் மோட்டார் சைக்கிள்தான், அவரில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. நான் நல்லாக ஓடுகிறேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கீழே குசினியில் சத்தம் கேட்டது. நான் இறங்கிப் போனேன். பிரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது. அவருடைய மனைவி வேலைக்குப் போகிற உடுப்போடு நின்றா. கையில் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். அவை பட்டர்ப் பெட்டிக்குப் பின்னால் இருந்தனவாம்.

“இது என்னெண்டு தெரியுமோ?” என்று என்னைக் கேட்டா. “சிறுநீரகம் பழுதானவைக்கு எங்கடை வார்ட்டிலை போடுற மருந்து. இரத்தத்தைக் கூட்டும். நல்ல சுகமான மனுசனுக்குப் போட்டால் இரத்தம் கூழ் மாதிரித் தடிக்கும். நித்திரையிலை இதயம் மெல்ல அடிக்கேக்கை அந்தக் கூழை இழுக்க ஏலாமல் நிண்டுபோகும்.”

அவர் மேசைக்கு முன்னால் இருந்து பாண் துண்டொன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தார். “எல்லாரும் போடுகினம்,” என்றார்.

“எல்லாரும் சாகவும் போகினம். உன்ரை கூட்டாளிக்கு என்ன நடந்தது? சொல்லு இவருக்கு.”

மனைவிதான் சொன்னா. பழைய குழுவில் இவரோடு ஒரே அறையில் படுத்தவன், இவரைவிட இளையவன், அந்த மாசிமாதம் படுத்த படுக்கையில் செத்துப்போனான். காலையில் தாய் போய் எழுப்பினால் உடம்பு விறைத்துக் கிடந்ததாம். செத்தவீட்டுக்குப் போய்வந்த இவர், அதற்குப் பிறகும் போட்டிருக்கிறார். பயத்தில் இரவில் மணிக்கூட்டில் அலாரம் வைத்து எழும்பி, இரத்தம் ஓடவேண்டும் என்று படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார். இரவில் படியில் சத்தம் கேட்டபோது அவருக்கு நித்திரை வருவதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மனைவி குப்பிகளை ஒவ்வொன்றாகக் குசினிச் சிங்குக்குள் உடைத்து ஊற்றினா. அவர் தடுக்கவில்லை. ஆனால் எழும்பி நின்று, அவவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “இன்னும் வாங்குவன். போட்டிக்கு இன்னும் கொஞ்சக் கிழமைதான் இருக்கு. அதுக்குப் பிறகு நிப்பாட்டுவன். நீர் மட்டும் முன்னாலை போம்.”

“மருந்து போட்டால் நான் முன்னாலை போகமாட்டன்,” என்றேன்.

“நீரும் இவளோடை சேர்ந்திட்டீர்.”

“ஓம், சேர்ந்திட்டன்.”

“உமக்கு விசா தரமாட்டம் எண்டு அவங்கள் சொன்னால், ஒரு ஊசி போட்டால் கிடைக்கும் எண்டால், நீர் போடமாட்டீரோ?”

என் மகளுடைய முகம்தான் வந்தது. போட்டிருப்பேன். அன்றைக்கே, அந்தக் குசினியிலேயே போட்டிருப்பேன். ஆனாலும் நான் போகமாட்டேன் என்பதில் நின்றேன். அவர் வெளியே போய்க் கதவை அடித்துச் சாத்தினார்.

அடுத்த கிழமை பெற்றோல் ஷெட்டில் நின்றபோது அவரைக் கண்டேன். பிறைட்டன் போகிற பெரிய ரோட்டில் ஒரு கல் ஏற்றுகிற லொறி போனது. அதன் பின் தட்டுக்கு ஒரு முழம் தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு அவர் போனார். லொறிக்காரனுக்குப் பின்னால் ஒரு மனிதன் வருவது தெரிந்திருக்காது. சிக்னல் சிவப்பாகியிருந்தால் முடிந்தது கதை. கல்லாவில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னேரம் நான் நேரே அவருடைய மனைவியிடம் போய் இதைச் சொன்னேன். “லொறியைவிட நீங்கள் முன்னாலை போறது பரவாயில்லை,” என்றா அவ. “ஆனால் ஒவ்வொரு கிழமையும் நான் இரத்தம் எடுத்துப் பாப்பன். அதுக்கு அவன் ஒத்துக்கொள்ளவேணும்.”

அவர் ஒத்துக்கொண்டார். எங்கள் இருவருடைய முகத்தையும் பார்க்காமல் சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கிழமைக்குக் கிழமை இரத்தம் பழைய நிலைக்கு இறங்கியது. அதோடு கால்களும் இறங்கின. கண்ணாடியில் வாய் திரும்பவும் திறந்தது. “ஓய்” என்ற குரல் திரும்பவும் வந்தது, ஒவ்வொரு தடவையும் மலையில் இன்னும் கொஞ்சம் கீழேயே வந்தது. ஒருமுறை நான் நிற்பாட்டித் திரும்பிப் பார்த்தபோது அவர் புல்லில் குப்புறக் கிடந்து அழுதுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு தானே எழும்பி, “போவம்,” என்றார்.

போட்டி நாள் நல்ல வெயில். வெஸ்ட்மின்ஸ்டர் பக்கத்தில் ரோட்டுகளைக் கம்பிவேலி போட்டு மூடியிருந்தார்கள். ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றவேண்டும். நானும் அவருடைய மனைவியும் ஒரு வளைவில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதல் சுற்றுகளில் அவர் கூட்டத்தின் நடுவில் இருந்தார். பிறகு யாரும் எதிர்பாராதபடி தனியே வெட்டிக்கொண்டு முன்னால் வந்தார். ஒலிபெருக்கியில் அவருடைய பேர் கேட்டது. மனைவி என் கையை நகம் பதியப் பிடித்தா. எங்களைக் கடந்தபோது அவருடைய முகத்தைக் கண்டேன். உடம்பிலுள்ள எல்லாவற்றையும் அந்தச் சுற்றுக்கே செலவழித்துவிடுவது என்று முடிவெடுத்த முகம். வெல்லுகிற ஆள் அப்படி ஓடமாட்டான் என்று எனக்கே தெரிந்தது.

இன்னும் சில சுற்றுகளில் கூட்டம் அவரைப் பிடித்தது, விழுங்கியது, பின்னால் துப்பியது. கடைசியில் தனியே வந்தார். முழுச் சுற்றுப் பின்தங்குகிறவர்களை வெளியேற்றுவது அங்கே வழக்கம். கையில் கொடி வைத்திருந்த ஒருவர் அவரை ஓரமாகக் காட்டினார். அவர் இறங்கி, சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, நடைபாதை விளிம்பில் இருந்தார். அந்த மனேஜர் எங்களுக்குக் கொஞ்சத் தூரத்தில்தான் நின்றார். வென்ற பொடியனின் முதுகில் தட்டிக்கொண்டு நின்றவர், இந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார், இல்லையென்று தலையை ஆட்டினார், திரும்பிக்கொண்டார். வேறொன்றுமில்லை.

அந்தக் கோடையும் அதற்குப் பிறகு வந்த இலையுதிர் காலமும் அவர் முன் அறைத் திரைச்சீலையைத் திறக்கவில்லை. தாடி வளர்ந்தது. மனைவி வேலைக்குப் போகும்போது என் அறைக்கு வந்து, “கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ,” என்று சொல்லிவிட்டுப் போவா. வீட்டிலிருந்த ஊசி, மாத்திரை எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி லொக்கரில் கொண்டுபோய் வைத்திருந்தா. நான் கீழே போய்க் கதவைத் தட்டித் தேத்தண்ணி கொடுப்பேன். வாங்குவார், பேசமாட்டார். இரண்டு ஆண்கள், இரண்டு கோப்பை, ஒரு இருட்டு அறை. நானும் அப்போது உடைந்துபோய்த்தான் இருந்தேன். வழக்கை ஒருமுறை நிராகரித்திருந்தார்கள், நான் அப்பீல் போட்டிருந்த நேரம்.

பனிக்காலம் பிறக்க அப்பீல் வென்றது. இன்னும் சில மாதங்களில் மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைத்தது. ஹீத்ரோவுக்குப் போக என்னிடம் கார் இல்லை. அவரிடம் கேட்க நான் நினைக்கவில்லை. அவர்தான் தாடியை வழித்துக்கொண்டு, கார்ச் சாவியோடு படியடியில் நின்றார். திரும்பி வரும்போது மகள் அவருடைய காரின் பின்சீற் முழுக்கச் சத்தியெடுத்தாள். என் மனைவி வெட்கத்தில் குறுகிப்போனாள். அவர் காரை ஓரம்கட்டி, இறங்கி, தன் சட்டையைக் கழற்றித் துடைத்தார். “குழுவிலை இதைவிட மோசமெல்லாம் துடைச்சிருக்கிறன்,” என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் நீளமான வசனம் அது.

நாங்கள் லூயிஷாமுக்கு வீடு மாறினோம். அவர் சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டு, ஒரு பேக்கரிக்குப் பாண் வான் ஓடத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடையில், பெரிய போட்டியொன்றில் குழுக் குழுவாக ஓட்டக்காரர்களைப் பொலிஸ் பிடித்த செய்தி ரிவியில் வந்தது. அதே மருந்து. நான் அவருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

“பாத்தனீரோ?”

“பாத்தன்,” என்றார். “நீரும் தானும் சேர்ந்து என்ரை உயிரைக் காப்பாத்தினது எண்டு இவள் சொல்லுறாள். சரியாத்தான் இருக்கும்.”

“நீர் என்ன சொல்லுறீர்?”

“எனக்கு உம்மிலை இன்னும் கோபம்,” என்றார். “காலமை எழும்பேக்கை நல்லா மூச்சு வருது. அதுக்கு உமக்கு நன்றி. ஆனால் அண்டைக்கு அந்தக் கடைசிச் சுற்றுகளிலை ஒரே ஒருக்கால் வெல்லுற ஆளாய் இருந்திருக்கலாம் எண்டு வான் ஓடேக்கை ஒவ்வொரு நாளும் நினைக்கிறன். இதிலை ஒண்டைச் சொல்லி மற்றதை அழிக்க ஏலாது.”

ஓம் என்றேன். பின்னால் அவருடைய மனைவி சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. மகள் எப்படிப் படிக்கிறாள் என்று விசாரித்துவிட்டு அவர் போனை வைத்தார்.