பேரிக்காய் மரத்து ஏற்றம்

கல்யாணமாகிப் பழனி அடிவாரத்திலிருந்து மேல்மலைக்கு வந்தபோது, அந்த வீட்டில் எனக்கு முன்னாலேயே ஒருத்தி குடியிருந்தாள். கரும்பச்சை நிறம், எட்டு சிலிண்டர், பல்லை இளித்துக்கொண்டு நிற்கிற முகம். பெரும்பாறையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர், இனிமேல் என்னால் இதைக் கட்டி மேய்க்க முடியாது என்று கைமாற்றிவிட்ட சீமைக் கார். என் கணவர் காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் விழிப்பார். அப்புறம் பல் தேய்ப்பார். அப்புறம்தான் நான். இதை அவர் காதுபடவே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவேன். அவர் சிரித்துக்கொண்டே துணியை எடுத்துக்கொண்டு கண்ணாடி துடைக்கப் போய்விடுவார்.

பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம் அவருடையது. மண்வெட்டி பிடிக்க வேண்டிய கை ஸ்பேனர் பிடித்துவிட்டதே என்று மாமியாருக்குத் தீராத குறை. சீசன் நாட்களில் கொடைக்கானலுக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுவார். மற்ற நாட்களில் வண்டி ரிப்பேர் பார்ப்பார். வத்தலக்குண்டு மலைச்சாலையில் அந்தக் கார் ஏறுகிற வேகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இலையில் சோறு ஆறிப்போகும். எனக்கோ அந்த வேகத்தில் குடலைப் பிரட்டும். முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

அத்தனை வேகம் இருந்தும் அந்தக் கார் ஓர் இடத்தில் பல்லைக் காட்டிவிடும். எங்கள் ஊரிலிருந்து கொடைக்கானல் போகிற மண்சாலையில் செங்குத்தாக ஓர் ஏற்றம். பக்கத்துப் பாறையில் ஊற்று கசிந்து, வருஷம் முழுக்க அங்கே செம்மண் குழைந்து கிடக்கும். பாதி ஏற்றத்தில், சாலைக்கு மேலே கரையில், யாரும் நடாமல் தானாக முளைத்த ஒரு பேரிக்காய் மரம். அதனால் பேரிக்காய் மரத்து ஏற்றம் என்றே அதற்குப் பெயர். கீழேயே வேகம் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தம்மில் ஏறிவிட வேண்டும். நடுவில் நின்றால் தொலைந்தது, மறுபடி கிளம்பாது. இறங்கும்போதும் அங்கே பிரேக்கில் கால் வைக்கக் கூடாது. வழுக்கிக்கொண்டு போய் ஓடையில் இறக்கிவிடும். எங்கள் ஊரில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும்.

என் முதல் பிள்ளை அந்த ஏற்றத்தில்தான் பிறந்தான்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள் நான். எட்டாம் மாதத்தில் பயணம் ஆகாது, ஒன்பது பிறக்கட்டும், வந்து அழைத்துப் போகிறோம் என்று பழனியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒன்பது பிறப்பதற்குள் வலி பிறந்துவிட்டது. நல்ல மழை. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு, கீழேயிருந்து வேகம் எடுத்துத்தான் என் கணவர் ஏறினார். மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வண்டி ஓர் இழுப்பு இழுத்து நின்றுவிட்டது. இடது பக்கத்துப் பின்சக்கரம் மட்டும் உய்யென்று சுற்றியது. சேறு ஜன்னல் வரைக்கும் அடித்தது. வண்டி ஒரு சாண் நகரவில்லை. கல் போட்டார்கள், சாக்குப் போட்டார்கள், தழை ஒடித்துப் போட்டார்கள். பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தள்ளினார்கள். சும்மா நிற்கிற சக்கரத்துக்குக் கொஞ்சம் பலம் போகும் என்று கைபிரேக்கைப் பாதி இழுத்துப் பிடித்தும் பார்த்தார். மாமியார் மடியில் தலைவைத்துக் கிடந்த எனக்கு அந்தச் சக்கரத்தின் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. பிள்ளை அங்கேயே பிறந்தான். பூனைக்குட்டி மாதிரி முனகினான். மழை விடுவதற்குள் போய்விட்டான்.

மரத்தடியிலேயே குழி வெட்டி அவனை வைத்தார்கள். நான் பார்க்கவில்லை, பார்க்க விடவும் இல்லை. இன்னொரு பிள்ளை வேண்டும் என்கிறவள் அந்த இடத்தை மிதிக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். அதற்கப்புறம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கார் கீழேயே வேகமெடுக்கும். மரம் ஜன்னலில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பெற்ற பிள்ளையின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்க வக்கில்லாத இந்த வண்டிக்கு எட்டு சிலிண்டர் ஒரு கேடா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டே போவார். அந்த நாளைப் பற்றி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சே எழவில்லை.

மறுபடி உண்டானபோது என் அம்மா ஆயக்குடிக் கொய்யாப்பழம் ஒரு கூடை எடுத்துக்கொண்டு மலையேறி வந்தாள்.

“தலைப்பிரசவம் எங்க வீட்லதானுங்க. ஏழாம் மாசமே கூட்டிட்டுப் போயிர்றோம்” என்றாள்.

பூண்டு உதிர்த்துக்கொண்டிருந்த மாமியார் தலையை நிமிர்த்தவில்லை. “தலைப்பிரசவந்தான் ஆயிருச்சே சம்பந்தி. இது ரெண்டாவது. ரெண்டாவது இங்கதானுங்களே வழக்கம்?”

“அது கணக்குல சேராதுங்க.”

“பத்துப் பேரு பாக்கப் பெத்த பிள்ளை எப்படிங்க கணக்குல சேராமப் போகும்?”

மாமியார் வாயிலிருந்து அதுவரை நான் ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை. நான் வைக்கிற குழம்பில் உப்பு இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம். அன்றைக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல் இருந்தது. நான் பழனிக்குப் போகவில்லை. அவனையும் சேர்த்து எண்ணுகிற வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று தோன்றிவிட்டது. மாதம் நெருங்கினதும் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய்த் தங்குவது என்று பேச்சு.

இந்தச் சமயத்தில்தான் என் கணவரின் கார்க் கிறுக்கு முற்றியது. கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார வாத்தியாரிடம் இதே கம்பெனிக் கார் ஒன்று இருந்தது, எங்களுடையதைவிடப் புதுசு. எஞ்சின் பாழாகி, கொட்டகையில் கோழி அடைகிற கூடாகக் கிடந்தது. இவர் வேறு சோலியெல்லாம் விட்டுவிட்டு அதன் அடியிலேயே போய்ப் படுத்துக்கிடந்தார். வாத்தியாருடைய ஜீப்புக்கு பிரேக் வேலை முழுக்கச் செய்துகொடுத்து, அதற்குப் பதிலாக எதையோ கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிற பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கி வரத் தோன்றவில்லை, இரும்பு வருகிறது சாக்கில்.

“என்னங்க இது?”

“டிஃபரன்ஷியல்.”

“இன்னும் வேகமாப் போகவா? இப்பப் போறது பத்தலையா?”

அவர் வாசலில் காரைத் தூக்கி நிறுத்திப் பின்சக்கரங்களைக் கழற்றினார். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவில், அச்சில் பூசணிக்காய் மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்கும் இடம், அதற்குள்தான் டிஃபரன்ஷியல் இருக்கிறதாம், அதைத் திறந்தார். உள்ளேயிருந்து கறுப்பாக எண்ணெய் இறங்கியது. அதைப் பிடிப்பதற்கு அவர் எடுத்துப்போனது நான் அரிசி கழுவுகிற பாத்திரம். அன்றைக்கு நான் போட்ட சத்தத்துக்கு மாமியாரே மகன் பக்கம் சேர்ந்துகொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டிஃபரன்ஷியலை எடுத்து, அதிலிருந்த பெரிய பல்சக்கரத்தைக் கழற்றிப் புதியதில் மாட்டி உள்ளே வைத்தார். வைத்தால் மட்டும் போதாதாம். பெரிய சக்கரத்தின் பல்லும் எஞ்சின் பக்கமிருந்து வருகிற சின்னச் சக்கரத்தின் பல்லும் நட்ட நடுவில் உரச வேண்டுமாம். ஓரத்தில் உரசினால் வண்டி ஓயாமல் கத்தும், சீக்கிரமே தேய்ந்தும் போகும். எங்கே உரசுகிறது என்று தெரிய ஒரு மை வேண்டும். மைக்கு எங்கே போவது? என் குங்குமச் சிமிழைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

“கோயில் குங்குமத்தையா இரும்புல தடவுறீங்க?”

“அதுவும் ஒரு பொட்டு வச்சிக்கட்டுமே புள்ள” என்றார்.

கோபத்தோடுதான் பிடுங்கப் போனேன். அவர் தண்ணீரில் குழைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. அது ஒட்டுமா? விளக்கெண்ணெய் விட்டு நானே குழைத்துக்கொடுத்தேன். அவர் பல்லில் தடவுவார், நான் மணைப்பலகையில் உட்கார்ந்தபடி சக்கரத்தைக் கையால் சுற்றுவேன், அவர் குனிந்து பார்ப்பார். ஓரமாகப் பட்டிருக்கும். மறுபடி கழற்றி, காகிதம் மாதிரி ஒரு தகட்டை இடையில் கொடுத்து, மறுபடி மாட்டுவார். இப்படிப் பல தடவை. கடைசியில் ஒவ்வொரு பல்லின் நடுவிலும் குங்குமம் அழகாக ஒற்றியிருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு பேரும் அப்படிச் சேர்ந்து உட்கார்ந்து ரொம்ப நாளாகியிருந்தது.

எல்லாம் பூட்டி முடித்த அன்று, சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார். இதற்கு அவர் எப்போதும் செய்வது ஒன்றுதான். ஒரு பக்கத்துப் பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குவார். எஞ்சினைப் போட்டுக் கியரில் விட்டால் தூக்கின சக்கரம் அந்தரத்தில் சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் அசையாது. அன்றைக்கும் அதையே செய்தார். ஜாக்கியில் தூக்கினார், உள்ளே உட்கார்ந்தார், கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார். கார் ஜாக்கியை உதைத்துத் தள்ளிவிட்டு ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. வேலி போயிற்று. நேரே மாமியாரின் பூண்டுப் பாத்தியில் போய்த்தான் நின்றது.

“ஏலே, பூண்டு! என் பூண்டு!” என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டு ஓடினார்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் இறங்கி, காரின் முகத்துக்கு என்ன ஆயிற்று என்றுகூடப் பார்க்கவில்லை. பின்பக்கமாக வந்து, ஈரப் பாத்தியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனால் கண்ணில் தண்ணீர்.

“இங்க பாரு புள்ள. ரெண்டு தடம் கெடக்கு.”

பார்த்தேன். பாத்தியில் இரண்டு பக்கமும் ஒரே ஆழத்துக்கு மண் பறிந்திருந்தது.

“அன்னைக்கு ஒத்தச் சக்கரந்தான் சுத்துச்சு. இன்னொண்ணு நல்ல தரையிலதான் நின்னுச்சு, ஆனா சும்மா நின்னுச்சு. நம்ம வண்டியில இருந்தது அப்படி. எது சுளுவா சுத்துதோ அதுக்கே பூராவும் குடுத்துரும். இதுல உள்ள தட்டுத் தட்டா அடுக்கிருக்கு. ஒண்ணு வீணாச் சுத்தப் பாத்தா, தட்டு இறுகி மத்ததையும் சேத்து இழுக்கும். அதான் ஜாக்கியில நிக்கல. எனக்குத்தான் கூறு இல்ல, பழைய ஞாபகத்துல தூக்கிட்டேன்.”

“இதுக்குத்தானா இத்தனை நாளா?”

“பின்ன? வேகத்தை வச்சு நான் என்ன பண்ணப்போறேன்?”

நான் அந்தச் சேற்றிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மட்டும்தான் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் அதற்கு முன்னால் வந்ததில்லை. மாமியார் எங்களைப் பார்த்துவிட்டு, நசுங்கின பூண்டை மடியில் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கொடைக்கானலுக்குப் போய்த் தங்குவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் வெள்ளனே வலி எடுத்தது. இந்தப் பிள்ளைக்கும் அவசரம்தான். அன்றும் மழை. மாமியார் மடியில் அதே மாதிரி தலைவைத்துப் படுத்தேன். ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் வண்டியின் பின்பக்கம் ஒருதரம் அலைந்தது, அந்த உய்யென்ற சத்தம் கேட்டது. “முருகா” என்று மாமியார் கத்தினார். எனக்கு வலிகூட நின்றுபோன மாதிரி இருந்தது. அடுத்த மூச்சில் சத்தம் தணிந்து கனமாகியது. வண்டி முக்கிக்கொண்டு, நிற்காமல், மெதுவாக ஏறியது. பேரிக்காய் மரம் ஜன்னலைத் தாண்டிப் போனதை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினார். “ரோட்டைப் பாத்து ஓட்டுங்க” என்று நான்தான் அதட்டினேன். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஊரைக் கூட்டுகிற தொண்டை அவளுக்கு.

பிள்ளைக்குப் பழனியில் மொட்டை போடுவதாக மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். தை பிறந்து எல்லோரும் கிளம்பினோம். வத்தலக்குண்டு இறங்கிச் சுற்றிக்கொண்டு போகிற நீண்ட வழி என்பதால், விடிந்தும் விடியாமலும் வண்டியை எடுத்தோம். ஏற்றத்தின் கீழே வந்ததும் வழக்கம்போல வேகம் எடுத்தார்.

“மரத்துக்கிட்ட நிறுத்துங்க” என்றேன்.

திரும்பிப் பார்த்தார். “இங்கயா? நட்ட நடுவுலயா?”

“அங்கதான். இப்ப நின்னா கெளம்பும்ல?”

அவர் மாமியாரைப் பார்த்தார். அந்த இடத்தை மிதிக்கக் கூடாது என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். மாமியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேற்றில் பாதி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினார். எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம். கைபிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். எனக்குக் கை கொடுத்துக் கரையில் ஏற்றிவிட்டார். மரத்தடியில் ஒரு தட்டைக்கல், அதைச் சுற்றிப் புல் செதுக்கிச் சுத்தமாக இருந்தது. யார் செதுக்குகிறார்கள் என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், நான் இல்லை என்று. பின்னால் மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். வந்ததும் புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து, கல்லின் மேல் விழுந்திருந்த சருகைப் பழக்கப்பட்ட கையோடு எடுத்துப் போட்டார்.

“நிக்கிறியே தாயி. தங்கச்சிய மூத்தவங்கிட்டக் காட்டு” என்றார்.

காட்டினேன். கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு வண்டியில் ஏறினோம். அவர் சக்கரத்துக்குக் கொடுத்திருந்த கல்லை எடுத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே கிளப்பினார். பின்னால் இரண்டு பக்கமும் சேறு தெறித்தது, கார் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கார் எங்களிடம் இருந்த வரைக்கும், நான் கூட இருந்தால், கேட்காமலே அங்கே நிறுத்துவார். வாடகைக்கு வருகிறவர்கள் யாராவது ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டால், எஞ்சின் கொஞ்சம் ஆறட்டுங்க என்பார். நான் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.