பென்சில் கையெழுத்தின் எடை

போன வாரம் டெல்லியிலிருந்து மகன் ஓர் ஆப்பிள் பெட்டி அனுப்பியிருந்தான். ஆணியை நெம்பிப் பலகையைத் தூக்கியதும் வைக்கோலும் மரச்சீவலும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. எல்லோரும் ஆப்பிளை எடுக்க, நான் மட்டும் பெட்டிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றேன். எனக்கென்னவோ உள்ளே ஒரு தராசு இருக்கும் என்று தோன்றியது.

இதே வாசனையோடு இரண்டு பெட்டிகள் காரைக்குடிக்கு வந்து இறங்கியபோது நான் இளவட்டம். சென்னையில் ரசாயனம் படித்துவிட்டு வந்து, அந்த வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய ஒரே அசடு நான்தான். எங்கள் சோதனைச்சாலையில் இருந்தது இரவல் வாங்கிய நகைத் தராசு. உப்பைக் கரைத்து, தண்ணீரை வற்றவைத்து, மிஞ்சியதை நிறுத்தால் போட்டதைவிடக் கூடுதலாக உப்பு வரும். "இதையே தொழிலா வச்சுக்கலாமேய்யா" என்பார் தலைமையாசிரியர். நுட்பமான ரசாயனத் தராசு இல்லாமல் மேல்வகுப்பில் ரசாயனம் நடத்த அனுமதி கிடையாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அனுமதி இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை.

ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு வாங்கித் தர முன்வந்தவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள். கணவரை இழந்த விசாலாட்சி ஆச்சி ஒருவர். அவருடைய கொழுந்தன் சொக்கலிங்கம் செட்டியார் இன்னொருவர். முற்றத்துக்கு இந்தக் கரையில் ஆச்சி, அந்தக் கரையில் செட்டியார். சமையல் தனி. பேச்சு நின்று பல வருஷம். ஓர் ஊறுகாய் ஜாடியில் தொடங்கிய சண்டை என்று கேள்வி. ரொம்ப நல்ல ஜாடியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஊருக்குச் செய்யும் காரியத்தில் ஒருவர் சேர்ந்தால் மற்றவர் விலகி நிற்க மாட்டார்.

சென்னைக் கம்பெனி பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு தராசுகளை அனுப்பியிருந்தது. நானும் தலைமையாசிரியரும் அவர்கள் வீட்டு முற்றத்திலேயே பெட்டிகளைப் பிரித்தோம். பெரியது பித்தளைத் தூண்களோடு தகதகவென்று நின்றது. சிறியது கண்ணாடிக் கூண்டுக்குள் ஒடுங்கியிருந்தது.

"பெருசுதான் லெட்சணமா இருக்கு" என்றார் செட்டியார்.

ஆச்சி என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, பூட்டு இருக்கிற கூண்டுதான் நல்லதுன்னு அங்குட்டுச் சொல்லிருங்க."

அங்குட்டு என்பது பத்தடி தள்ளி.

சிறியதுதான் சரியான தராசு என்று எனக்குத் தெரியும். பூட்டுக்காக அல்ல, நுட்பத்துக்காக. ஆனால் வாயைத் திறந்தால் நான் ஆச்சி கட்சி. செட்டியார் எழுந்து போய்விடுவார். கல்லூரியில் எங்கள் பேராசிரியர் காட்டிய ஒரு வித்தை அப்போது கைகொடுத்தது. ஒரு துண்டுக் காகிதத்தைப் பெரிய தராசில் வைத்துச் சமன் செய்தேன். பிறகு அதை எடுத்துப் பென்சிலோடு செட்டியாரிடம் நீட்டினேன்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்க பேரோட எடையைப் பாத்துருவோம்."

முன்னோர்களின் முன்னெழுத்துகளெல்லாம் ரயில் பெட்டிகளாக வர, கடைசியில் பெயர் வந்து சேர்ந்தது. காகிதத்தைத் திரும்ப வைத்தேன். முள் அசையவில்லை.

"என்னங்கிறீக? எம் பேருக்கு எடையே இல்லையா?"

அதே போல இன்னொரு காகிதத்தைச் சிறிய தராசில் சமன் செய்து, கையெழுத்து வாங்கி, மூச்சுக் காற்றுப் படாமல் கண்ணாடிக் கதவை இறக்கினேன். முள் மெல்ல ஒருபக்கம் நகர்ந்து, தயங்கி, நின்றது. செட்டியார் முகம் மலர்ந்தது. "இது தராசு! அது என்ன, புளி நிறுக்கவா?"

காரியம் முடிந்தது என்று நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். முடியவில்லை.

"இங்குட்டும் ஒரு தாளைக் குடுங்க" என்றார் ஆச்சி. பிள்ளையார் சுழி போட்டு, கல்லில் வெட்டுவது போல அழுத்தி அழுத்தித் தன் பெயரை எழுதினார். முள் செட்டியாருடையதைத் தாண்டிப் போய் நின்றது.

"ஆச்சி பென்சிலை அமுக்கி எழுதுறாக! சுழி வேற. அதைக் கணக்குல சேக்கப்படாது!"

"தம்பியும் அமுக்கட்டுமே. யாரு வேணாம்னா?"

"பிள்ளையாரை வச்சு எடை கூட்டுறது ஞாயமா ஆச்சி?"

"பாட்டன் பூட்டனையெல்லாம் இழுத்துட்டு வந்தது யாரு?"

தலைமையாசிரியர் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது: இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு ஜாடிக்கு வந்து சேர்வதற்குள் ஆர்டரில் இரண்டு கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு நழுவினோம்.

அனுமதியும் வந்தது, என் வேலையும் தங்கியது. அந்த வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் முற்றத்தின் இரண்டு கரையிலிருந்தும் சத்தம் கேட்கும். பேசாமலிருந்த வருஷங்களுக்கெல்லாம் சேர்த்துச் சண்டை போட்டார்கள். பண்டிகை நாளில் பலகாரம் முற்றத்தைக் கடந்து வரும், கூடவே அதில் என்ன குறை என்ற விமர்சனம் திரும்பிப் போகும்.

தராசு நான் ஓய்வு பெறும்வரை உழைத்தது. பிறகு யாரோ அஜாக்கிரதையாகத் தூக்க, தண்டைத் தாங்கும் கத்திமுனை உடைந்து, பழைய பித்தளையோடு போயிற்று. அதற்கு வெகுகாலம் முன்பே ஆச்சி போய்விட்டார். துக்கம் கேட்கப் போனபோது செட்டியார் முற்றத்தில் தன் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிர்க்கரையில் அடுப்பு எரியவில்லை.

"வாங்க வாத்தியாரே" என்றார். உட்கார ஒரு பாயைத் தள்ளிவிட்டு, "காலையிலேருந்து இந்த வீட்ல என்னைய யாரும் ஒண்ணுமே சொல்லலை" என்றார்.