சுவர் வளைந்த இடம்

இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்கு முந்தின கோடையில், திருச்சுழிக்குத் தெற்கே நான் பிறந்த கிராமத்தில் நடந்தது இது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று அருப்புக்கோட்டையில் இருந்தேன். எனக்கு அறுபத்தேழு வயது. என் அக்காவுக்கு எழுபத்து நான்கு. அவள் வாழ்க்கைப்பட்டதும் அதே கிராமத்தில்தான். புருஷன் இறந்த பின் மருமகளோடு இருந்தாள். உடனே வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள்.

பெட்ரோல் கிடைக்காத காலம். கரியை எரித்து ஓட்டிய பஸ் மேட்டில் ஏறாமல் நின்றுவிட்டது. பதினோரு பேர் இறங்கித் தள்ளினோம். இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர், நால்வரும் இளவட்டம். என் கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

அக்காவின் கவலை இதுதான். சபையார் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பத் தொடங்கியிருந்தார்கள். சிமெண்டு கிடைக்காததால் கல்லும் சுண்ணாம்பும்தான். கல்லை மிச்சம் பிடிக்க, கிழக்கு மூலையை வெளியே விட்டுவிட்டு நேராக நூல் பிடித்திருந்தார்கள். வெளியே விட்ட துண்டைப் பக்கத்துப் பருத்திக்காட்டுக்காரர் மழை விழுந்ததும் உழுதுவிடுவார். அந்தத் துண்டில்தான் தன் தலைப்பிள்ளை கிடக்கிறது என்றாள் அக்கா.

ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முந்தின சங்கதி. மழை பொய்த்த வருஷத்தில் பிறந்து ஒரு மாதம்கூட இராத பெண் குழந்தை. ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டது. அப்படிப் போன பிள்ளைகளை அந்தக் காலத்தில் மற்றவர்களோடு சேர்க்காமல் ஓரமாகப் புதைப்பார்கள். கல் கிடையாது, சிலுவை கிடையாது, பெயரும் கிடையாது. நான் அப்போது மதுரையில் விடுதியில் தங்கிப் படித்த பையன். புதைத்ததைப் பார்த்தவர்களில் அக்காவைத் தவிர ஒருவரும் உயிரோடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டியார் எங்களைக் கோயிலுக்குள்ளேயே உட்கார வைத்துக் கேட்டார்கள். பாதிரியாரோடு சேர்த்து ஏழு பேர். பேசியதெல்லாம் செயலாளர்தான். அவருக்கு நாற்பது வயது இருக்கும். எங்களுக்குத் தூரத்து உறவு. அன்று காலையில்தான் கோயில் சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டே அதைக் கோயில் முழுக்கத் தேடியவர் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"அந்தப் பிள்ளை பேரு ஏட்டுல இல்லையே பெரியம்மா?"

"பேரே வைக்கல. ஏட்டுல எப்பிடிய்யா இருக்கும்?"

"சரி. இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீக?"

அக்கா யோசித்தாள். "கஞ்சி குடிச்சேன்."

கதவோரம் நின்ற மருமகள், "தோசைதான் சாப்பிட்டீக அத்தை" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் ஐந்து பேர் சிரித்தார்கள்.

"தின்னது வயித்துக்குத் தெரியும்யா. அதைக் கேட்டு நீ எனக்கு விருந்தா வைக்கப் போற?" என்றாள் அக்கா.

அதற்கும் சிரித்தார்கள். செயலாளர் விடவில்லை. புதைத்த அன்று கூட யார் இருந்தார்கள் என்று கேட்டார். தன் புருஷன், கொழுந்தன், அப்புறம் எங்கள் அம்மா என்று அக்கா சொன்னாள். தன் முதுகை அம்மா தடவிக்கொண்டே பக்கத்தில் இருந்தாள் என்றும் சொன்னாள்.

செயலாளர் பாதிரியாரைப் பார்த்துக் கையை விரித்தார். "பாதிரியாரய்யா, இவுக ஆத்தா கல்லறை நம்ம தோட்டத்துலதான் இருக்கு. கல்லுல வருஷம் வெட்டியிருக்கு. இந்தப் பிள்ளை பொறக்குறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே அவுக போய்ச் சேர்ந்துட்டாக. வாத்தியாரய்யாவே சொல்லட்டும்."

என்ன சொல்வேன்? கல்லில் வெட்டியது சரிதான். அம்மாவுக்கு மண் போட்டபோது நானும் ஒரு பிடி போட்டேன். மறுக்க முடியவில்லை. "அவுக மேல தப்பில்ல. நெனப்புத் தப்பிப்போச்சு, பாவம்" என்று செயலாளர் முடித்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்று தப்பானால் எல்லாம் தப்பா? முப்பது வயதுக்காரன் ஒன்றை மறந்தால் வேலைத் தொந்தரவு என்கிறோம். எழுபது வயதுக்காரி அதையே மறந்தால் அவள் சொன்னது, இனிச் சொல்லப்போவது அத்தனையையும் தள்ளுபடி செய்துவிடுகிறோம். இதை நான் அங்கே உரக்கவே சொன்னேன். பாதிரியார் என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். வெளியே இறங்கி நடந்தாள். உச்சி வெயில். நான் குடையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கமிட்டியாரும், கூலி வாங்க வந்து காத்திருந்த சுவர்க் கொத்தனாரும் வந்தார்கள், வேடிக்கை பார்க்கத்தான்.

கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு மூலைக்குப் போனதும் அவள் திகைத்து நின்றாள். அங்கே அடையாளமாக இருந்த உடைமரத்தை எப்போதோ வெட்டியிருந்தார்கள். இங்கே பார்த்தாள், அங்கே பார்த்தாள். செயலாளர் மிகவும் அன்பாக, "வீட்டுக்குப் போவமா பெரியம்மா?" என்றார். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா சட்டென்று கரிசல் மண்ணில் உட்கார்ந்தாள். கண்மாய்ப் பக்கம் பார்த்தாள். எழுந்து கொஞ்சம் தள்ளி மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"என்னக்கா தேடுற?"

"மடையில ரெண்டு கல்தூணு நிக்குதுல்ல? இங்க உக்காந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணா மறைஞ்சு ஒத்தைத் தூணாத் தெரியணும். பாலு கட்டி மாரு வலிக்கிறப்பல்லாம் இங்க வந்துதான உக்காந்திருப்பேன். வேற எதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்னு நெனைக்கிற?"

ஆண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஆறாவது தடவை உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. "கொத்தனாரு, சுவரோரம் கெடக்குற அந்தக் கரண்டியைக் குடுய்யா" என்றாள். கொத்தனார் தானே தோண்ட வந்தார், அக்கா விடவில்லை. காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்த மண்ணை அவளே பெயர்த்தாள். ஒரு முழம் போயிருக்காது. கரண்டி கல்லில் பட்டது. விரலால் மண்ணை வழித்தாள். வழுவழுவென்று கறுப்பாக உருண்ட கல் ஒன்று தெரிந்தது. அம்மிக் குழவி.

"எங்க வீட்டுக் குழவி. தலைமாட்டுல வைக்க வேற கல்லு இல்ல" என்றாள் அக்கா.

"குழவியையா கொண்டாந்து வெச்ச?" என்றேன்.

"அந்த வருஷம் அரைக்க வீட்டுல என்ன இருந்துச்சு?"

செயலாளர் அப்போதும், குழவிக்கல் எங்கே வேண்டுமானாலும் கிடக்கும் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். கொத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கல்லறைத் தோட்டத்துல எவன் சாமி வந்து மசாலா அரைச்சான்?" என்று கேட்டுவிட்டு, யார் உத்தரவுக்கும் காத்திராமல் முளைக்குச்சியைப் பிடுங்கி நூலைத் தளர்த்தினார். பாதிரியார் தலையசைத்தார். சுவர் அந்த இடத்தில் வளைந்து போகிறது. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

என் கோபம் அதோடு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, வெளியூரிலிருந்து வந்த விருந்தினருக்குச் செயலாளர் சுவரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். "இந்த மூலையில ஒரு பச்சைப்பிள்ளை கிடக்குன்னு எனக்கு மொதல்லயே மனசுல பட்டுச்சு. நான்தான் வளைச்சுக் கட்டுங்கன்னு சொன்னேன்" என்றார். முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லும் முகம் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவன் நான். பொய் எனக்குத் தெரியும். அவர் அப்படியே நம்பினார். எட்டு மாதத்துக்குள் நடந்ததை இப்படி மாற்றி வைத்திருந்த அந்த மனிதரிடம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா விஷயம் மட்டும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. தப்பைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாது எனக்கு. பிரசங்கத்தில் பாதிரியார் வசன எண்ணை மாற்றிச் சொன்னால்கூட வாசலில் நிறுத்திச் சொல்லிவிடுவேன். அந்தக் கிறிஸ்துமஸின்போதே அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, அம்மா அப்ப இல்ல. எனக்குப் பத்து வயசுலயே செத்துப் போச்சு. ஒனக்கும் தெரியும்."

அக்கா கோபப்படவில்லை.

"தெரியும்டா தம்பி. நானுந்தான அழுதேன். ஆனா அன்னைக்கு அந்தக் குழிக்கிட்ட என் முதுகைத் தடவிக்கிட்டே ஒரு கை இருந்துச்சு. அது அம்மா கை இல்லைன்னா, யாரு கைன்னு நீயே சொல்லு."

மறுவருஷம் அக்காவும் போய்விட்டாள். அவள் கேட்டுக்கொண்டபடியே, சுவர் வளையும் இடத்தில் அந்தக் குழவிக்குப் பக்கத்தில் அவளை வைத்தோம். அங்கே போகும்போதெல்லாம் நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். மடைத்தூண்கள் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. வயதானவர்கள் பழையதைப் பேசும்போது யாராவது சிரித்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆனால் பேசுகிறவரைத் திருத்துவதற்கு வாயைத் திறக்கும்போது மட்டும், என் முதுகில் ஒரு கை பட்டதுபோல நின்றுவிடுகிறேன்.