சடங்கு நாளில் ஒரு ஹம்முஸ் சாம்பிள்

2023 ஜூன் 1, வியாழக்கிழமை.

விடிய முன்னரே எழுந்தேன். கிணற்றடியில் முகம் கழுவி, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டேன். முதல்நாள் மாலை ஊறப்போட்ட கொண்டைக்கடலையில் ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து பார்த்தேன். நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லை. தண்ணீரை வடித்து, நன்றாக அலசி, ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டுப் பானையை அடுப்பில் ஏற்றினேன். இதுவரை எல்லா நாளும் போலத்தான்.

வாவிப் பக்கமிருந்து வந்த காற்றில் வேப்பிலையும் கற்பூரமும் மணத்தன. முந்தின நாள் மாலை எங்கள் ஊர் அம்மன் கோயில் கதவைத் திறந்திருந்தார்கள். வைகாசிச் சடங்கு தொடங்கிவிட்டது.

வீட்டில் சமைத்து ஹோட்டல்களுக்குக் கொடுக்கும் தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. எதை எவ்வளவு போடுவது என்றுதான் கேட்பார்கள். அதை யாரும் சொல்லித் தருவார்கள். நான் எழுதுவது இந்த ஒரு நாளைப் பற்றி.

நாங்கள் இருவர்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் கோல்ட் கிச்சனில் பல வருடம் வேலை செய்தவள் நான். சலாட், சோஸ், டிப் எல்லாம் அங்கே பழகியவை. கொரோனாக் காலத்தில் ஆட்களைக் குறைத்தபோது வீட்டுக்கு வந்தேன். மறுபடி ஹோட்டல் திறந்ததும், அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஹம்முஸை வீட்டில் செய்து அனுப்பத் தொடங்கினேன். அவித்த கடலை, எள்ளை அரைத்து எடுக்கும் தஹினி, உள்ளிப்பூண்டு, தேசிக்காய்ப் புளி, உப்பு. இவ்வளவுதான் ஹம்முஸ்.

பக்கத்து வளவு சிவமலர் இந்தத் தொழிலில் எனக்குப் பங்காளி. அவளுடைய கணவன் குமார் வாவியில் இறால் பிடிப்பவர். முதன்முதலில் கடலை அவிக்கச் சொன்னபோது சிவமலர் ஒரு கடலைகூட உடையாமல், முத்து முத்தாக அவித்துக் கொண்டுவந்து வைத்தாள். கோயிலில் பிரசாதக் கடலை அவிக்கும் கை அது. உடைந்தால் அங்கே மானக்கேடு. "இது குழையணும் சிவமலர், விரலால நசிச்சா களியாகணும்" என்றேன். "அய்யோ கா, கடலையைப் பழுதாக்கத்தானா இவ்வளவு நேரமும் என்னை அடுப்படியில வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். அந்தக் கடலையைத் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்து நாங்களே சாப்பிட்டோம்.

இந்த ஹோட்டல் ஓடர்தான் எங்கள் இரண்டு அடுப்பும் எரியக் காரணம். அதுதான் அன்றைக்கு ஆட்டம் கண்டது.

முதல்நாள், புதன்கிழமை மாலை ஹோட்டல் ஸ்டோரிலிருந்து ரமேஷ் தம்பி அழைத்தார். "அக்கா, புதுச் செஃப் ரெடிமேட் ஹம்முஸ் டப் எடுத்து வெச்சிருக்கார். கொழும்பில இருந்து வந்தது. நாளைக்குப் பின்னேரம் உங்கட புது பெட்ச் ஒண்டு கொண்டுவரட்டாம். ரெண்டையும் பக்கத்தில வெச்சு ருசி பார்த்துத்தான் முடிவாம்."

"ஏன் தம்பி இப்படித் திடீரெண்டு?"

"போன மாசம் ஒரு நாள் நீங்க அனுப்பல்லதானே. பஃபேயில கிண்ணம் வெறுமனே கிடந்துது. அண்டைக்கே செஃப்புக்குக் கோவம் ஏறிட்டுது."

அன்று எங்கள் ஒழுங்கையில் ஒரு சாவு. பிரேதம் எடுக்கும்வரை அயலில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. பழைய செஃப் என்றால் சொல்லாமலே விளங்கிக்கொள்வார். இவர் வந்து ஒரு சீசன்கூட முடியவில்லை.

"நாளைக்கு ஏலாதே தம்பி. இஞ்ச கதவு திறந்தாச்சு."

சடங்குக் காலத்தில் எங்கள் ஊரில் அவிக்கலாம். ஆனால் கடைசி நாளான குளுத்தி முடியும்வரை வறுக்க, பொரிக்க, இடிக்க, அரைக்க மாட்டார்கள். அம்மன் குளிர்ந்து போகும்வரை ஊரும் குளிர்ந்து கிடக்க வேண்டும். நான் பறங்கிக் குடும்பம். ஞாயிறு தேவாலயப் பூசைக்குப் போகிறவள். இருந்தாலும் பிறந்த நாளிலிருந்து இந்த ஒழுங்கையில்தான் இருக்கிறேன். அந்த நாட்களில் என் வீட்டு அம்மியும் பேசாது.

ரமேஷ் சிரித்தார். "கதவைச் சாத்திப்போட்டு ஒருக்கா அடிச்சு எடுங்கவன். கிரைண்டர் சத்தம் கோயில் வரைக்குமா கேக்கப்போகுது?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சிவமலரிடம் இதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "கேக்கிறதுக்கில்ல கா. நமக்குத் தெரியும்தானே." வாவிக்கு அப்பால் கையைக் காட்டினாள். "அக்கரையில என்ட அக்காட ஊர்ல சடங்கு அடுத்த கிழமைதான். அங்க போய் அரைச்சா என்ன?"

தோணியில் கடலை

அப்படித்தான் வியாழன் காலை குமாருடைய தோணியில் ஏறினோம். பாலத்தால் சுற்றிப் போனால் வெகுதூரம். அவித்த கடலைப் பானை, கிரைண்டர், எள்ளுப் பக்கற், தேசிக்காய், உள்ளி, பக்கத்தில் சூடு புகாத ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ்.

"இறால் ஏறும், நண்டு ஏறும். கடலை ஏறினது இண்டைக்குத்தான்" என்றார் குமார். "கச்சான் காத்து எழும்ப முந்திப் போயிரணும். சும்மா ஆடாதீங்க ரெண்டு பேரும்."

காற்று இன்னும் எழும்பவில்லை. தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியாத வெளிச்சம். தோணி போகிறதா, கரைதான் எங்களை விட்டு நகர்கிறதா என்று தெரியவில்லை. கரையோரத்துக் கண்ணா மரக்காடு தலைகீழாகத் தண்ணீருக்குள் நின்றது. கோயில் பறையின் சத்தம் பின்னால் வந்துகொண்டே இருந்தது. எவ்வளவு தூரம் போனாலும் அதே அளவு தூரத்தில் கேட்டது.

சிவமலர் பானையை மடிக்குள் வைத்துக் கடலைத் தோலை உரிக்கத் தொடங்கினாள். ஹம்முஸ் மிருதுவாக வர வேண்டுமென்றால் தோல் எடுக்க வேண்டும். வழக்கமாக அலுப்பான வேலை. அன்றைக்கு நானும் கை கொடுத்தேன். ஒரு கடலையை இரண்டு விரலுக்கிடையில் அழுத்தினால் தோல் கழன்று வரும். கழன்ற தோல்களைத் தண்ணீரில் போட்டோம். கண்ணாடி போல மெல்லிய தோல்கள். தோணிக்குப் பின்னால் அவை நீண்ட வரிசையாக மிதந்தன. சின்ன மீன்கள் கீழிருந்து வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுப் போயின.

ஓடர் போனால் என்ன செய்வது என்பதைக்கூட அந்த நேரம் நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டியவள்தான்.

"அக்கா," என்றாள் சிவமலர், "அந்த டப்பில இருக்கிறதுக்கு ஆர் தோல் உரிப்பா?"

"மெஷின்."

"பாவம், அதுக்குத் தோணியும் இல்ல, மீனும் இல்ல."

குமார் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

பத்மாவின் தாச்சி

அக்கரையில், வவுணதீவுப் பக்கம், வயல் வட்டை ஓரத்தில் சிவமலரின் அக்கா பத்மாவின் வீடு. வயலில் சிறுபோக நெல்லின் பச்சை. முற்றத்து அடுப்பில் தாச்சியை வைத்து எள்ளை நான்தான் சூடாக்கினேன். தஹினிக்கு எள்ளு வறுபடக் கூடாது, சூடேற மட்டும் வேண்டும். நிறம் மாறும் முன் இறக்கி, சுளகில் பரப்பி ஆறவிட்டேன். பிறகு உள்ளி உரிக்கக் கிணற்றடிக்குப் போனேன்.

திரும்பி வரும்போது முற்றம் முழுக்க எள்ளுருண்டை வாசம்.

பத்மா எள்ளை மறுபடி தாச்சியில் கொட்டி, பொன்னிறம் தாண்டிச் சிவக்கச் சிவக்க வறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மனம் நிறைந்த சிரிப்பு. "பச்சையாக் கிடந்துது புள்ள. நீங்க அவசரத்தில இறக்கிப் போட்டீங்க போல. இப்ப பாருங்க, என்ன மணம்!"

சிவமலர் தலையில் கை வைத்தாள். "அக்கா! இது பாகு காய்ச்சவா கொண்டுவந்தது?"

"மறுகா வேறெதுக்கு? எள்ளெண்டா வறுக்கத்தானே வேணும்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கே யாரிடம் கொடுத்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். தோல் நீக்கிய வெள்ளை எள்ளு வேறு பக்கற் இல்லை. பக்கத்துக் கடையில் இருந்தது கறுப்பு எள்ளு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இருந்ததை அரைத்தோம். கடலை வெண்ணெய் போல அரைபட்டது. தஹினி சேர்ந்ததும் எல்லாம் ஈர மணலின் நிறத்துக்கு வந்தது. ருசி பார்த்தேன். கெட்டுப் போகவில்லை, மெல்லிய கசப்பு, அதன் பின்னால் புகை போல ஒரு மணம். ஆனால் அது நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் ஹம்முஸ் அல்ல.

"கொண்டு போகவா வேணாமா?" என்றாள் சிவமலர்.

"கொண்டு போகாட்டி இன்னுமொரு நாள் அனுப்பல்லை எண்டாகும்."

இரண்டு கிண்ணம்

மறுபடி இக்கரை வந்து, பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாசிக்குடா போய்ச் சேர்ந்தோம். கடல் தட்டையாக, அசையாமல் கிடந்தது. வெள்ளைக்காரர்கள் வெகுதூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். கரையிலிருந்து பார்க்க, கடலுக்கு நடுவே யாரோ ஒரு சந்தியை அமைத்து வைத்தது போலிருந்தது.

நான் வேலை செய்த அதே கோல்ட் கிச்சன். அதே ஸ்டீல் மேசை. புதிய செஃப் மாத்தளைப் பக்கத்துக்காரர், இளவயது. ரமேஷ் தம்பியும் வந்து நின்றார். செஃப் டப்பைத் திறந்து ஒரு கிண்ணத்தில் எடுத்தார். வெள்ளை வெளேரென்று, ஒரு திப்பி இல்லாமல் இருந்தது. பக்கத்தில் எங்களுடையது. அவர் இரண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இது என்ன கலர்?"

"எள்ளு கூடுதலா வறுபட்டுட்டுது."

ஒரு துண்டு ரொட்டியால் இரண்டையும் ருசி பார்த்தார். எங்களுடையதை இன்னொரு தரம் எடுத்தார். "இது மோசம்னு சொல்லல. ஆனா நீங்க டெய்லி அனுப்புறது இது இல்லையே. டெய்லி பண்ற கைக்கு இன்னைக்கு மட்டும் எப்படி வறுபடும்?"

ரமேஷ் செஃப்புக்குப் பின்னால் நின்று கண்ணால் காட்டினார், சொல்ல வேண்டாம் என்று. ஒரு பொய் போதுமாக இருந்தது. அடுப்புச் சூடு கூடிவிட்டது என்றால் முடிந்தது. ஆனால் ஓடரைத் தந்தால் நாளைக்கும் கொண்டு வர வேண்டும், நாளை மறுதினமும். ஒவ்வொரு நாளும் தோணியில் போக முடியாது.

சொன்னேன். கதவு திறந்ததை, அரைக்காத நாட்களை, தோணியை, பத்மாவின் தாச்சியை. போன மாதம் அனுப்பாத நாளின் சாவையும் சொன்னேன். "திங்கட்கிழமை குளுத்தி. செவ்வாய்க்கிழமைதான் எங்கட வீட்டில இனி அரைக்கலாம். அதுக்கிடையில ஏலாது, சேர்."

சிவமலர் எனக்குப் பின்னால் மூச்சுக்கூட விடவில்லை.

செஃப் கிண்ணத்தை மேசையில் மெல்லச் சுற்றினார். "எங்க தேயிலைத் தோட்டத்துலயும் மாரியம்மன் திருவிழா வந்தா அம்மா தாளிக்க மாட்டாங்க" என்றார். பிறகு அந்தக் குரல் போய் வேலைக் குரல் வந்தது. "உங்க ருசி எனக்குத் தெரியும்க்கா. ஒரு நாளும் குறை சொன்னதில்ல. எனக்குத் தெரியாதது எந்த நாள் வரும், எந்த நாள் வராதுங்கிறதுதான். இந்த டப்ப பாருங்க. எதுவரைக்கும் நல்லாருக்கும்னு மேலயே போட்டிருக்கான். உங்க பெட்டியில அது இல்ல."

"சாவு சொல்லிக்கொண்டு வராதே, சேர்."

"வராது. ஆனா ஃபோன் பண்ணலாமே. அம்மன் சடங்கு எப்பன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும்தானே? அந்த நாளுக்கெல்லாம் நான் டப் வெச்சுக்கிறேன். மத்த நாளுக்கு நீங்க. செவ்வாய்க்கிழமை வெள்ளையா கொண்டு வாங்க."

சிவமலர் சத்தமாக மூச்சு விட்டாள். செஃப் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். போகும்போது சாம்பிளுக்கு வந்த இன்னொரு டப்பை எங்கள் ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்தார். "சாப்பிட்டுப் பாருங்க. யார்கூட போட்டி போடுறீங்கன்னு தெரியணும்ல." எங்கள் பழுப்பு ஹம்முஸை ஸ்டாஃப் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு

வீட்டில் செய்ததா, ரெடிமேடா, எது நல்லது என்று கேட்காதீர்கள். டப்பில் வருவது நாளுக்கு நாள் மாறாது. அது அதன் பலம். வீட்டில் செய்வது வீட்டோடு சேர்ந்தே வரும். வீட்டில் சாவு உண்டு, சடங்கு உண்டு, அடுப்பு மூட்டாத நாள் உண்டு. அந்த நாட்களை மறைத்து வியாபாரம் செய்தால் ஒரு நாள் கிண்ணம் வெறுமனே கிடக்கும். வாங்குபவரிடம் ருசியைச் சொல்லும் முன் அந்த நாட்களைச் சொல்லுங்கள். நான் இவ்வளவு வருடமும் ருசியை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைக்குக் கடலை ஊறப்போடவில்லை. பானை கவிழ்ந்து கிடந்தது. எழுந்தவுடன் முதல் வேலையாக அந்த டப்பைத் திறந்தேன். சிவமலர் வேலியால் வந்து குந்தினாள். பாண் ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டோம்.

"புளி கூடிட்டுது," என்றாள். விரலைச் சூப்பிவிட்டு டப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆனா கா, ஆரோ அரைச்சுவெச்சு, நாம இருந்து திங்கிறது இண்டைக்குத்தான்."