பதினாறு கம்பிகள்

என் அப்பா செவெரினோவை அடக்கம் செய்த அன்று பாதிரியார் அவரை அரை மணி நேரம் புகழ்ந்தார். குடும்பத்துக்காகவே வாழ்ந்தவராம். எங்கள் ஹூலியாக்கா ஊரில் பாதி வீடுகளை எழுப்பிய கையாம். சனமெல்லாம் மூக்கைச் சிந்தியது, நான் சிந்தவில்லை. ஊருக்கெல்லாம் வீடு கட்டிய அந்தக் கை, தன் வீட்டுச் சுவருக்கு ஒரு கைப்பிடிப் பூச்சு பூசியதில்லை. நாற்பது வருடமாக எங்கள் செங்கல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது.

பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கொரு மாடி என்பது அவர் போட்ட சட்டம். முதல் மாடி அண்ணன் ரோமுலோவுக்கு, இரண்டாவது அக்கா டெலியாவுக்கு, மூன்றாவது கடைக்குட்டியான எனக்கு. தளம் போடும் நாளில் தெருவே திரண்டு வந்து கலவை சுமக்கும். அம்மா இரண்டு ஆட்டை அடித்து சூப்பு வைப்பாள். அப்பா சடங்குக்கு நாலு மூலையிலும் பீர் தெளித்துவிட்டுப் பெரிய மனுஷத் தோரணையில் நிற்பார். ரோமுலோவின் தளம் போட்ட வருடமே அவன் சிலிக்குச் சுரங்க வேலைக்குப் போனான். டெலியா மிலானுக்குக் கிழவிகளைக் குளிப்பாட்டப் போனாள். இருவருமே திரும்பவில்லை. அப்பா இரண்டு மாடிகளையும் பூட்டி, சாவிகளைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

என் மாடி எங்கே என்று கேட்டால் மேலே கை காட்டுவார். மொட்டை மாடியில் மூலைக்கு நாலாகப் பதினாறு கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. துருப்பிடிக்காமலிருக்க ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அவ்வளவுதான் என் சொத்து.

புருஷன் விட்டுவிட்டுப் போனதும் கைக்குழந்தையோடு இந்த வீட்டுக்குத்தான் வந்தேன். சமையலறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்கை.

"டெலியா மாடி சும்மாதானே கெடக்கு. அவ வர்ற வரைக்கும் இருந்துக்கறேம்ப்பா."

"அது அவளுது. உனக்குத்தான் மேல இருக்கே."

"மேல என்ன இருக்கு? பாட்டிலுதான் இருக்கு."

"அவசரப்படாத. அடுத்த வருஷம் தளம் போட்டுடலாம்."

பதினோரு வருடமாகியும் அந்த அடுத்த வருடம் வரவில்லை. என் மகளின் கால் வளர்ந்து அடுப்பில் இடிக்க ஆரம்பித்தது. அவரோ யாருடைய வீட்டுச் சாரத்திலோ ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவேயில்லை.

எட்டாம் நாள், வழக்கப்படி அவர் துணிகளை ஆற்றில் அலசி முடித்ததும் அம்மா சொன்னாள்: "பிள்ளையக் கூட்டிக்கிட்டு டெலியா மாடிக்குப் போடி."

"சாவி எங்கம்மா?"

"அவர் கழுத்துல."

"அவரப் புதைச்சாச்சேம்மா."

"தேடுவாரேன்னு விட்டுட்டேன்."

குழிக்குள் போகும்போதும் பூட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

ஏணி வைத்து டெலியாவின் ஜன்னல் வழியே பார்த்தால், உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். மழை அந்தக் கம்பிகளின் அடி வழியாக இறங்கியிருக்கிறது. அப்பாவோடு முப்பது வருடம் வேலை செய்த கொத்தனார் இலாரியோவைக் கூப்பிட்டேன்.

"கம்பிய அறுத்துட்டு மேல சரிவா கலவை போட்டாத்தான் ஒழுகறது நிக்கும்," என்றார். "ஆனா அறுத்தா அறுத்ததுதான் தங்கச்சி. அப்புறம் உனக்கு மாடி கெடையாது."

"இப்ப இருக்கற மாதிரி பேசறீங்களேண்ணே."

ரம்பத்தை வாங்கி நானே உட்கார்ந்தேன். முதல் கம்பி பாதி அறுவதற்குள் இரண்டு பிளேடு ஒடிந்தன. இலாரியோ குனிந்து கம்பியை விரலால் அளந்துவிட்டுச் சிரித்தார்.

"கீழ உன் அண்ணன், அக்கா மாடிக்கு உங்கப்பன் அரை அங்குலக் கம்பிதான் போட்டான். உனக்கு மட்டும் முக்கா அங்குலம். மேல போகப்போக ஒல்லியாத்தான் போகணும், எந்தக் கொத்தனாரும் இப்படிச் செய்யமாட்டான். அன்னிக்கே கேட்டேன். 'அதுங்க பறந்துடும், இவதான் கடைசி வரைக்கும் இங்க இருப்பா, இவளுது உறுதியா இருக்கணும்'னான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதி பாசத்தில், பாதி ஆத்திரத்தில். இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல அந்த மனிதருக்கு வாய் இல்லையா? என்னிடம் சொல்ல வேண்டியதைக் கம்பியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்பைக்கூடத் தலைகீழாகக் கட்டியவரை எங்கே போய்த் திட்டுவது?

அழுதுகொண்டே அறுத்தேன். இரண்டு நாள், ஒன்பது பிளேடு, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பதினாறும் விழுந்த பிறகு அதே ரம்பத்தோடு கீழே இறங்கி டெலியாவின் பூட்டில் வைத்தேன். பதினோரு வருடமாக நான் கெஞ்சிய பூட்டு. நாலே இழுப்பில் அறுந்து விழுந்தது.