வெர்னா பசராபா வாள் வாங்கிய கதை

வெஸ்னா ஊராட்சியில் மண்சாலைகளைச் சமன்படுத்தும் கிரேடர் வண்டியை இருபத்தாறு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தவள் வெர்னா பசராபா. கோடையில் சரளையை இழுத்துப் பரப்புவாள், குளிர்காலத்தில் பனியைத் தள்ளுவாள். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. அவள் கை குலுக்கினால் மாட்டுப் பண்ணைக்காரர்களே விரலை உதறிக்கொள்வார்கள். ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் எதன்மேலும் பைத்தியம் பிடித்துத் திரிந்தவள் இல்லை. பனித்தளத்தில் கனத்த கல்லை வழுக்கிவிடும் கர்லிங் ஆடுவாள், தேவாலய விருந்துக்கு மற்ற பெண்களோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கைப் பூரணமாக வைத்துக் கொழுக்கட்டை மாதிரி பெரோகி மடிப்பாள், ஞாயிற்றுக்கிழமை கணவன் நெஸ்டரோடு சீட்டாடித் தோற்பாள். அவ்வளவுதான் அவள் கேளிக்கை.

ஏப்ரலில் கர்லிங் அரங்கத்தின் பனித்தளத்தை உருக்கிவிட்டால் வெறும் சிமெண்டுத் தரைதான் மிஞ்சும். அந்த வருஷம் பக்கத்து நகரமான யார்க்டனிலிருந்து ஒரு வாள் பயிற்சிக் குழு வந்து, திங்கட்கிழமை சாயங்காலங்களில் அந்த இடத்தைக் கேட்டது. அரங்கத்தின் சாவி வெர்னாவிடம். முதல் திங்கட்கிழமை பூட்டப் போனவள், கம்பிவலை முகமூடியும் திண்டு மாதிரி கனத்த சட்டையும் போட்டுக்கொண்டு பத்துப் பேர் இருகை வாளால் அடித்துக்கொள்வதைப் பார்த்துக் கதவோரம் நின்றுவிட்டாள்.

குழுவை நடத்தியவள் ஜோலீன் பியர்டி. பகலில் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்பவள். வெஸ்னாவில் பாதிப்பேர் வாய் அவளுக்கு அத்துப்படி.

"வெர்னா, சும்மா நிக்காதீங்க. இதக் கொஞ்சம் பிடிங்க," என்று ஒரு வாளை நீட்டினாள்.

"எனக்கெதுக்கும்மா இதெல்லாம்?"

"பிடிச்சுத்தான் பாருங்களேன். கடிக்காது. உங்க கடவாப்பல்லுக்கே நான் பயப்படல."

வெர்னா பிடித்தாள். ஜோலீன் காட்டியபடி தோளுக்குமேல் தூக்கி, ஒரு காலை முன்னால் வைத்து, குறுக்காக வெட்டினாள். விஷ் என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொன்று வெட்டினாள். இன்னும் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். வீட்டுக்கு வந்து நெஸ்டரிடம் சொல்லும்போதும் சிரித்தாள்; சொல்ல வந்தது என்னவென்று அவனுக்குப் புரிய முக்கால் மணி நேரம் ஆனது.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கிரேடர் வண்டியில் தனியாகப் போகும்போது கால் அசைவுகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவாள். தபால் நிலைய வரிசையில் நிற்கும்போது குடையை இரு கையாலும் பிடித்திருப்பாள். ஆனால் ஒரு சிக்கல். கிரேடர் ஓட்டிய கைக்கு மெதுவாக அடிக்கத் தெரியாது. ஜூனில் குழுவின் வாள் ஒன்று அவள் கையில் ஒடிந்தது. செப்டம்பரில் இன்னொன்று.

"வெர்னா, உங்கள எல்லாருக்கும் பிடிச்சிருக்கு," என்றாள் ஜோலீன், ஒடிந்த துண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டபடி. "ஆனா எங்க வாளுங்களுக்கு உங்கள பிடிக்கல. சொந்தமா ஒண்ணு வாங்கிக்குங்க. உங்க கைக்குத் தாங்குறதா."

இதை வெர்னா வீட்டில் சொன்னது நெஸ்டரின் மனதில் தங்கிவிட்டது. நெஸ்டர் விவசாய இயந்திரக் கடையில் முப்பத்துநான்கு வருஷம் உதிரிபாகம் விற்று ஓய்வு பெற்றவன். அறுவடை இயந்திரத்தின் எந்த பெல்ட் எங்கே தேயும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அப்பேர்ப்பட்டவன், முப்பத்தைந்தாவது திருமண நாளுக்காக ஒருவரிடமும் கேட்காமல் தபாலில் ஒரு வாளை வரவழைத்துவிட்டான். பளபளவென்று கண்ணாடி மாதிரி வாள். பிடியின் முனையில் ஒரு ஓநாய்த் தலை. ஓநாய்க்கு இரண்டு சிவப்புக் கல் கண்கள்.

வெர்னா பெட்டியைத் திறந்து பார்த்தாள். கணவனைக் கட்டிப்பிடித்து, அவன் மூச்சுவிட முடியாமல் தோளைத் தட்டும்வரை விடவில்லை.

ஜோலீனுக்கு ஓநாயைப் பார்த்ததும் சந்தேகம்தான். "இது சுவத்துல மாட்டுறதுக்குச் செஞ்சது வெர்னா," என்றாள்.

"தெரியும். ஆனா என் புருஷன் ஆசையா வாங்கித் தந்தது. ஊர் விளையாட்டு நாள்ல முட்டக்கோசு வெட்டிக் காட்டுறோமே, அதுக்கு மட்டும் எடுக்குறேன். முட்டக்கோசு என்ன திருப்பியா அடிக்கப் போவுது?"

ஜோலீன் அரை மனதோடு ஒத்துக்கொண்டாள். கூட்டத்தைக் கயிறு கட்டித் தூரமாக நிறுத்த வேண்டும் என்று மட்டும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

அடுத்த வருஷம் ஜூலை முதல் தேதி, ஊர் விளையாட்டு நாள். பள்ளிக்கூட மைதானத்தில் ஐந்து கம்பங்கள், ஐந்து முட்டைக்கோசுகள். பெரோகிக் கூடாரத்திலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை. நெஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையில் கயிற்றை ஒட்டி முன்வரிசையில் நின்றான். பக்கத்தில் நின்ற ஒவ்வொருவரிடமும், "வாள் நான் வாங்கித் தந்தது," என்றான்.

முதல் முட்டைக்கோசு இரண்டாகப் பிளந்தது. ஊரே கைதட்டியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வெர்னா கொஞ்சம் உற்சாகமாகவே வீசினாள். டக் என்று ஒரு சத்தம். அவள் கையில் பிடி மட்டும் இருந்தது, ஓநாய் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாள் எங்கே என்று ஊரே ஆகாயத்தைப் பார்த்தது. அது வெயிலில் மின்னிக்கொண்டு, நிதானமாகச் சுழன்று, கயிற்றுக்கு அந்தப்புறம் யாருமில்லாத ஓரத்தில் போட்டிருந்த வைக்கோல் கட்டின்மேல் செங்குத்தாகக் குத்தி நின்று ஆடியது. ஊராட்சித் தலைவர் அந்தக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்து, ஹாட்டாக் வாங்க ஒரு நிமிஷம் முன்னால்தான் எழுந்து போயிருந்தார். கடுகு சாஸ் வழியும் ரொட்டியோடு திரும்பி வந்தவர் வாளைப் பார்த்தார், வெர்னாவைப் பார்த்தார்.

"வெர்னா," என்றார், "என் வீட்டு ரோட்டுக்கு இந்த வருஷம் சரளை போடலன்னு நான் புகார் குடுத்தது உண்மதான். அதுக்காக இப்படியா?"

முதலில் சிரித்தது பாதிரியார். பிறகு மைதானம் முழுக்கச் சிரித்தது. வெர்னா புல்லில் உட்கார்ந்து, வெறும் பிடியை மடியில் வைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். நடுவில்தான் நெஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. காது இரண்டும் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தன.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து அவனிடம் போனாள். "நெஸ்டர், விடு. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அவன் அவள் கையிலிருந்து பிடியை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். வாளின் இரும்பு பிடிக்குள்ளே கடைசிவரை வந்திருக்க வேண்டும். இதில் பென்சில் தடிமனுக்கு ஒரு கம்பியை வாளின் அடியில் பற்றவைத்து உள்ளே செருகியிருந்தார்கள். பற்றவைத்த இடம் ஒடிந்து பிஸ்கட் மாதிரி பொரபொரவென்று தெரிந்தது. நெஸ்டரின் அவமானம் அங்கேயே கோபமாக மாறியதை வெர்னா கண்ணால் கண்டாள்.

"இத வெல்ட் பண்ணவன் என் கடையில வேல செஞ்சிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்," என்றான். "இரு. இனிமே நான் பாத்துக்குறேன்."

மறுவாரம் ஜோலீனைச் சாப்பிடக் கூப்பிட்டான். முட்டைக்கோசு இலையில் சோற்றைச் சுருட்டி வேகவைத்த ஹோலுப்சி, மேலே ஊற்ற சதகுப்பைக் கீரை போட்ட கிரேவி, அதோடு பதினான்கு கேள்விகள். எந்த இரும்பு, எத்தனை கடினம், எங்கே வளைய வேண்டும், எங்கே வளையக் கூடாது. ஜோலீன் வாயில் சோற்றோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல ஒண்ணு முடிவு பண்ணணும்," என்றாள் கடைசியில். "வெட்டுறதுக்குக் கூர்மையான வாள் வேற. ஒருத்தரோட ஒருத்தர் ஆடுறதுக்கு மழுங்கின வாள் வேற. ஒரே வாள் ரெண்டுக்கும் ஆகாது. வெர்னாவுக்கு எது வேணும்?"

நெஸ்டர் மனைவியைப் பார்த்தான். வெர்னா யோசிக்கவே இல்லை. "ஆடுறதுதான். முட்டக்கோசு வெட்டி என்ன சந்தோஷம்? எதிர்ல ஆள் இருக்கணும். நான் ஏமாத்தணும், அவன் ஏமாறணும். இல்ல நான் ஏமாந்து நிக்கணும்."

அக்டோபரில் சாஸ்கட்டூனில் வாள் போட்டி. சுற்றுவட்டாரம் எல்லாம் வரும், ஓரத்தில் வாள் செய்பவர்கள் கடை போடுவார்கள். வெர்னா புதிதாகக் கற்பவர்களுக்கான மூன்றாம் பிரிவில் பெயர் கொடுத்தாள். விடியற்காலையில் கிளம்பினார்கள். நெஸ்டர் பழைய கடைச் சீருடையைப் போட்டுக்கொண்டு வந்தான், சட்டைப்பையில் டார்ச்சும் பூதக்கண்ணாடியும்.

முதல் கடையில் ஒரு தாடிக்காரர். நெஸ்டர் வாளைத் தொடக்கூட இல்லை. "இது எங்க ஒடியும்?" என்று கேட்டான்.

"இதா? ஒடியவே ஒடியாது சார்."

"சந்தோஷம்," என்று நெஸ்டர் அடுத்த கடைக்கு நடந்துவிட்டான்.

வெர்னா பின்னாலேயே ஓடினாள். "ஏன் அவரப் பாதியில விட்டுட்டு வந்த?"

"முப்பத்துநாலு வருஷம் கவுண்டர்ல நின்னிருக்கேன் வெர்னா. ஒடியாத சாமான் ஒண்ணுகூட நான் வித்ததில்ல."

இரண்டாவது கடையில் கியூபெக்கிலிருந்து வந்த ஒரு குள்ளமான பெண், பெயர் மிரேய். கையெல்லாம் தீக்காயத் தழும்பு. அதே கேள்வி.

அவள் வாளை எடுத்து, பிடிக்கு மேலே குறுக்காக இருந்த கைக்காப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி விரல் வைத்தாள். "பெரும்பாலும் இங்க. நல்லா ஆடுறவங்களுக்கு மூணு வருஷம், நாலு வருஷம். முரட்டு ஆளுன்னா ரெண்டு. ஓரத்துல பல்லு பல்லா விழும். அப்பப்ப அரம் போட்டு மழமழன்னு ஆக்கிடணும். விட்டுட்டீங்கன்னா அந்தப் பல்லுலேருந்துதான் விரிசல் கெளம்பும். கைக்காப்பு வளஞ்சா தனியா மாத்திக்கலாம், நானே அனுப்புவேன்."

நெஸ்டர் டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். "நாற்காலி இருக்கா?" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டான். அதன்பின் இருவரும் பேசியது அரைமணி நேரம். வாளின் அடி இரும்பு பிடி முழுக்க ஓடி, கடைசிக் குமிழுக்கு வெளியே வந்து அடித்துத் தட்டப்பட்டிருப்பதைக் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். மிரேய் வாளின் நுனியைத் தரையில் ஊன்றி வில் மாதிரி வளைத்துவிட்டாள். விட்டதும் நேராக நின்றது. அவன் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தான்.

கடைசியில் இரண்டு வாள்கள் மேசைமேல் மிஞ்சின. ஒன்று கனம், தடித்த அலகு. இன்னொன்று அதைவிட இலேசு, நுனிப்பக்கம் மெலிந்து வளையக்கூடியது. நெஸ்டர் கனத்ததை அவள் பக்கம் தள்ளினான். "இதுல இரும்பு ஜாஸ்தி. உன் கைக்கு இதான் தாங்கும்."

வெர்னா இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். தரையில் ஊன்றியபோது இரண்டும் அக்குள் வரை வந்தன. அவள் பெரிய கைகள் இரண்டும் பிடியில் நெருக்கமில்லாமல் உட்கார்ந்தன. பிறகு இலேசானதை எடுத்து நாலுதரம் வீசினாள். நினைத்த இடத்தில் நின்றது.

"இதுதான்," என்றாள்.

"அது மெலிசு."

"நெஸ்டர், மைனஸ் நாப்பது டிகிரி குளிர்ல கிரேடர் பிளேடு உடையிறத நீ பாத்திருக்கியா? நான் பாத்திருக்கேன். விட்டுக் குடுக்காத இரும்புதான் மொதல்ல உடையும். கொஞ்சம் வளஞ்சு குடுக்குறது உழைக்கும். அதோட, எதுத்தாப்புல நிக்கிறவன் விலாவையும் நெனச்சுப் பாரு. குத்தும்போது வளையாத வாளால நான் குத்தினா, அவன் ஆஸ்பத்திரியிலதான் தூங்கணும்."

நெஸ்டர் மிரேயைப் பார்த்தான். "அவங்க சொல்றதுதான் சரி," என்றாள் மிரேய். "நான் சொல்லலாம்னு வாயெடுத்தேன், நீங்க விடல."

"முப்பத்தஞ்சு வருஷமா இவர் யாரையும் விட்டதில்ல," என்றாள் வெர்னா.

பிற்பகல் அந்த வாளோடேயே களத்தில் இறங்கினாள். முதல் ஆட்டம் ரெஜைனாவிலிருந்து வந்த ஒரு வக்கீல் அலுவலக எழுத்தரோடு. கண் சிமிட்டுவதற்குள் ஐந்து அடி வாங்கித் தோற்றாள். இரண்டாவதில் அவளும் எதிராளியும் ஒரே நேரத்தில் ஒருவர் தலையில் ஒருவர் அடித்துக்கொண்டே இருந்தார்கள், நடுவருக்கே சலித்துவிட்டது. மூன்றாவது ஆட்டம் ஒரு காவல்துறை அதிகாரி, அவளைவிட உயரம். அவர் மேலிருந்து ஓங்கி இறக்கிய அடியை அவள் வாளின் அடிப்பகுதியில் வாங்கினாள். பழைய வாளாக இருந்தால் ஒடிந்திருக்கும். இது அடியைத் தாங்கியது, உள்ளங்கையில் ஒரு சின்ன நடுக்கம் மட்டும் வந்தது. அப்படியே சுற்றி அவர் முன்னங்கையைத் தட்டினாள். அடுத்த முறையும் அதே இடம். அதற்கடுத்தும்.

முகமூடிக்குள் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோள் குலுங்கியது. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அருகில் வந்தார்.

"என்னாச்சு, அழுறீங்களா? அடி பட்டுருச்சா?"

"இல்ல சார்," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். நீங்க நடத்துங்க."

அதைக் கேட்டு அந்த அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு அடி வாங்கித் தோற்றார். அவள் வாழ்க்கையில் ஜெயித்த முதல் ஆட்டம் அது. நெஸ்டர் ஓரத்தில் நின்று, பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், "பாத்தீங்களா, வளஞ்சு குடுக்குறதுதான் உழைக்கும்," என்று தன் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி விளக்கிக்கொண்டிருந்தான்.

பதினாறு பேரில் வெர்னாவுக்குப் பதினோராவது இடம். திரும்பும் வழியில், வெயில் இன்னும் மீதியிருக்கையில், வின்யார்டு ஊரில் ஒரு பெட்ரோல் பங்கில் காபிக்காக நிறுத்தினார்கள். கல்லாவில் இருந்த நடுவயதுப் பெண் வெர்னாவின் புறங்கையில் கன்றியிருந்த ஊதா நிறத்தைப் பார்த்து, "என்னங்க இது?" என்று கேட்டாள். சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது சுலபம் என்று வெர்னா அவளை வெளியே கூட்டிப்போனாள். ஆளில்லாத வண்டி நிறுத்துமிடத்தில், பின்னால் கோதுமைத் தாளடி மஞ்சளாகப் பரந்திருக்க, வாளை உறையிலிருந்து எடுத்து ஒரு வெட்டு வெட்டிக் காட்டினாள். விஷ்.

"நான் ஒருதரம் பிடிச்சுப் பாக்கலாமா?" என்றாள் கல்லாக்காரி, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு.

வெர்னா கொடுத்தாள். கல்லாக்காரி வீசினாள், திகைத்தாள், மறுபடி வீசினாள், சிரிக்க ஆரம்பித்தாள். பெட்ரோல் போட வந்த ஒரு லாரிக்காரர் இறங்காமலேயே கண்ணாடியைத் திறந்து வேடிக்கை பார்த்தார். நெஸ்டர் இரண்டு காபிக் கோப்பைகளோடு கதவைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு வந்து, கொஞ்ச நேரம் அந்த இரண்டு பெண்களையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கால முன்னாடி வைக்கச் சொல்லு வெர்னா," என்றான். "கால் வராம கைமட்டும் போனா என்ன பிரயோஜனம்?"