மூன்று மணி நேரப் பலாப்பழம்

எனக்குக் கணக்கு வராது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சுரங்கத்தில் காலமெல்லாம் ஷிப்ட் பார்த்தவன். ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேலும் இருக்கிறது என்பதே எனக்குச் சில சமயம் மறந்துபோகும்.

மகள் கல்யாணமாகித் தில்லிக்குப் போன அன்று செல்போனில் தூரம் பார்த்தேன். சென்னையிலிருந்து ஆயிரத்தெழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், விமானத்தில் மூன்று மணி நேரம் என்றது. ‘சென்னையிலிருந்து’ என்ற சொல் மட்டும் என் கண்ணில் படவில்லை. அன்று முதல் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க இதே பேச்சுதான்: “தில்லி என்னங்க தில்லி, அரை ஷிப்ட்டுகூட இல்ல.” மகளிடமும் அதே பாட்டு. “மூணு மணி நேரம்தானேம்மா, வந்துட்டுப் போயேன்.” லீவு கிடைக்காமல் அவள் தவிப்பது எனக்கெங்கே உறைத்தது!

அவள் முழுகாமல் இருக்கும் செய்தி வந்தது. எதுவும் வயிற்றில் தங்கவில்லை. என்னம்மா வேண்டும் என்று கேட்டதற்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “நம்மூர்ப் பலாப்பழம்.”

தில்லிக்குக் கிளம்புகிற அன்று காலையில் வாடகைக் கார் டிரைவரிடம் சொல்லிக் காடாம்புலியூரில் நிறுத்தினேன். எங்கள் பக்கத்துப் பலாப்பழக்காரர்கள் விலை பேசுமுன் நாள் கேட்பார்கள். அதற்கேற்ற பழத்தைத் தட்டிப் பார்த்து எடுத்துத் தருவார்கள்.

“எப்ப அறுக்கப் போறீங்க?”

“இன்னைக்கேதான். தில்லியில. மூணு மணி நேரம்.”

“அப்ப இதாங்க. மதியத்துக்குள்ள அறுத்துடுங்க, தேனா இருக்கும்.”

விக்கிரவாண்டி அருகே சாலை வேலை, வெயிலில் ஊர்ந்தோம். திண்டிவனத்தில் கார் முழுக்க வாசனை. செங்கல்பட்டில் அதற்கு வேறு பெயர். மனைவி கண்ணாடியை இறக்கிவிட்டு நிதானமாகக் கேட்டாள்: “அந்த மூணு மணி நேரம் எப்பங்க ஆரம்பிக்கும்?”

டிரைவர் சிரிப்பை மறைக்க ஹாரன் அடித்தார்.

விமான நிலையத்தில் பழம் வாய்பிளந்தே விட்டது. கவுன்ட்டரில் இருந்த பெண் மூக்கைப் பொத்தாமல் பேசியது அவள் பண்பு. “இத ஏத்த மாட்டோம் சார்.”

வெளியே தூக்கிவந்தோம். டிரைவர் எங்கிருந்தோ கத்தி கொண்டுவந்தார். மனைவி தேங்காயெண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு, கார் டிக்கியிலேயே அறுத்து, நல்ல சுளைகளாகப் பார்த்து ஒரு டப்பாவில் அடைத்தாள். மூடிய டப்பா என்பதால் உள்ளே விட்டார்கள்.

விமானம் தாமதம் என்றார்கள். டப்பா என் மடியில். சுளை கெட்டிருக்குமோ என்று கவலை. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.

“என்ன பண்றீங்க?”

“கெட்டுடுச்சான்னு பாக்குறேன்.”

“ஒண்ணு பாத்தாப் போதாதா?”

ஒவ்வொரு சுளையும் தனித்தனியாகக் கெடும் என்று விளக்கினேன். அவள் கண்ணயர்ந்ததும் விளக்கத்தைச் செயலிலும் காட்டினேன்.

தில்லியில் மகள் வாசலிலேயே டப்பாவை வாங்கித் திறந்தாள். உள்ளே இரண்டே சுளை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மகள் ஒன்றை மெல்ல மென்றாள், விழுங்கினாள். தங்கிவிட்டது. மற்றதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

“எவ்ளோ தூரம்மா இது! காலையில கிளம்புனது. வழியில என்னென்னமோ ஆயிடுது.”

அவள் இரண்டாவது சுளையையும் எடுத்துக்கொண்டாள்.

“மூணு மணி நேரம்தானேப்பா?”